அம்சவல்லி டீச்சரின் ஓசை விளையாட்டு

என் தங்கை அம்சவல்லி பால்வாடி டீச்சர். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலனியில் ஓடு போட்ட ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று உண்டு. பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். அதுதான் அவளுடைய பால்வாடி. 1990 ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் சொல்லப்போவது 2006இல் நடந்தது. அதற்குள் பதினாறு வருடம் ஆகிவிட்டிருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தேறியவள் அவள் ஒருத்திதான். நான் எட்டாவதோடு நின்று, தொழிற்பேட்டையில் பீங்கான் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். சூளையிலிருந்து இறக்குகிற சாமானை எண்ணி அடுக்குவது என் வேலை. அவளுக்குக் கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் நடந்தது. இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நானும் எழுதப்போவதில்லை. என் வீட்டுக்குப் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

பால்வாடி டீச்சர் என்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவளிடம் பதினோரு பதிவேடுகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை காலனிக் குழந்தைகள் எல்லோருக்கும் எடை பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து நாட்களில் வீடு வீடாகப் போய்க் கதவில் சாக்கட்டியால் குறி போட வேண்டும். வாக்காளர் கணக்கெடுப்பா, அதற்கும் கூப்பிடுவார்கள். இதெல்லாம் போக மிச்சமிருக்கிற இரண்டு மணி நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு டீச்சர். அந்த இரண்டு மணி நேரமும் அவள் நின்றுகொண்டேதான் இருப்பாள். வீட்டுக்கு வரும்போது குரல் கட்டிப்போய், சொம்புத் தண்ணீரை மொத்தமாகக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்வாள்.

அவள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதில்லை. 2001இல் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எல்லாமே விளையாட்டுதான். பழைய புடவையைக் கயிறாக முறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் அது பஸ்ஸு. பிள்ளைகள் உள்ளே நின்று அறையைச் சுற்றி ஓடுவார்கள். “மங்கலம்பேட்டை! ரெண்டு பேரு எறங்கு, மூணு பேரு ஏறு!” என்பாள். கண்டக்டராக இருக்கிற பிள்ளை, வண்டியில் இப்போது எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பஸ்ஸு கிளம்பாது. கடைசி ஊர் போய்ச் சேருவதற்குள் நாலு வயசுப் பிள்ளை பத்துக்குள் கூட்டிக் கழித்துவிடும்.

தாய்மார்களுக்கு இது பிடிக்கவில்லை.

“எம் புள்ள பஸ் ஓட்டறதுக்கா இங்க வருது டீச்சர்? அதத்தான் தெருவுலயே ஓட்டுதே.”

“தெருவுல எத்தினி பேரு எறங்கினாங்கன்னு யாரு கேக்கறா?”

“கேட்டு என்னா ஆவப்போவுது? சிலேட்டுல நாலு எழுத்து இருந்தா அவங்கப்பாகிட்ட காட்டலாம்.”

இந்தப் பேச்சை ஒரு நாளைக்கு இரண்டு பேரிடமாவது பேச வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் பொறுமையாக விளக்கம் சொன்னாள். பிறகு “சரிம்மா, பாக்கலாம்” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள்.

ஓசை விளையாட்டுக்கு எங்கள் கம்பெனிதான் காரணம். ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க வந்தவள், பெண்கள் சாமான் பொறுக்குகிற கொட்டகையில் வெகுநேரம் நின்றுவிட்டாள். மின்சாரப் பெட்டியில் பீஸ் கம்பி மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் கட்டைதான் எங்கள் சரக்கு. சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் நுனியில் தொங்கப் பிடித்து, இன்னொரு கட்டையால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கட்டை ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் ‘தட்’ என்று சத்தம் அங்கேயே செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம், “அண்ணே, கழிச்சுப் போட்டதுல இருபது, நல்லதுல இருபது வேணும்” என்றாள். முதலாளியைக் கேட்டு எடுத்துவந்தேன். பிள்ளைகள் கை அறுபடாமலிருக்க நாற்பதையும் ஓரம் தேய்த்து, கழுவி, துளையில் நூல் கோத்துக் கொடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

விளையாட்டு இதுதான். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். டீச்சர் நூலைப் பிடித்துக் கட்டையைத் தட்டுவாள். நல்ல ஓசை என்றால் கை தூக்க வேண்டும், செத்த ஓசை என்றால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் செராமிக்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள் என்பதால் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்கள். காது பழகினால்தான் நாளைக்கு எழுத்தின் ஒலி பிரியும் என்பது அவள் கணக்கு.

அந்த வருடம் ஜூனில் இனியவன் என்று ஒரு பையன் சேர்ந்தான். நான்கு வயது முடிந்து ஒரு மாதம். அம்மா நீலாவதி எங்கள் கம்பெனியில் பதினோரு வருடமாகச் சாமான் பொறுக்குகிறவள். அப்பா சாமிக்கண்ணு செங்கல் லாரியில் போகிறவர். பையன் நல்ல துறுதுறுப்பு. பஸ் விளையாட்டில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். ஆனால் பேச்சு மட்டும் ‘மா’, ‘தா’ என்ற அளவில்தான் இருந்தது. கண் கட்டாத விளையாட்டில் எல்லாமே சரியாகச் செய்வான், மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நொடி பின்னால். கண்ணைக் கட்டிவிட்டால் சிரித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். கை தூக்கவே மாட்டான். மூன்று நாள், நாளைக்குப் பத்துத் தடவை தட்டிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள் அம்சவல்லி. முப்பதில் ஒன்றுகூட இல்லை.

“காதுல ஏதோ கோளாறு இருக்குதுண்ணே. அஞ்சு வயசுக்குள்ள காட்டிட்டா பேச்சு வந்துரும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. அதுக்கு மேல போனா கஷ்டமாம்.”

அடுத்து அவள் செய்ததுதான் தப்பு. அந்த வாரம் எடை பார்க்கிற வாரம், நாற்பது வீடு பாக்கி. தானே போய்ச் சொல்லாமல், நீலாவதி வீட்டுத் தெருவில் இருக்கிற பால்வாடி ஆயா கொளஞ்சியம்மாளிடம், “பையனைக் கடலூர் ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டச் சொல்லு” என்று சொல்லியனுப்பினாள். ஆயா குழாயடியில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். குழாயடியில் எட்டுப் பேர்.

மறுநாள் கரண்ட் நிறுத்தம், கம்பெனி இல்லை. நான் பால்வாடியில் உடைந்த தாழ்ப்பாளை மாற்றிக்கொண்டிருந்தேன். நீலாவதி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“எம் புள்ளையச் செவுடுன்னு சொன்னீங்களா டீச்சர்?”

“அப்படிச் சொல்லல நீலாவதி. ஒருதரம் காட்டிடலாம்னுதான்...”

“தெருவே சொல்லுது! எப்படிக் கண்டுபுடிச்சீங்க, நீங்க என்னா டாக்டரா?”

“கட்டையத் தட்டிப் பாத்தேன்.”

நீலாவதி சிரித்தாள். “தட்டிப் பாத்தீங்களா? ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் சாமான் தட்டறவ நான். எங்கிட்டயே தட்டற கதையச் சொல்றீங்களே! யாரு தட்டினது?”

“மூணாவது நாளு மட்டும் ஆயா தட்டிச்சு. மத்த ரெண்டு நாளும் நான்.”

“ஆயா, எங்க, தட்டிக் காட்டு.”

கொளஞ்சியம்மாள் கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். ‘தட்’ என்றது. நீலாவதி அதே கட்டையை வாங்கி, நூலில் தொங்கவிட்டுத் தட்டினாள். ‘ணங்’ என்று அறை முழுக்க ஒலித்தது.

“கையில வச்சு அமுக்கிக்கிட்டா நல்ல சாமானும் செத்த சத்தந்தான் போடும். இத வச்சுத்தான் எம் புள்ளைக்குப் பேரு வச்சீங்களா?”

“எனக்கு என்னாம்மா தெரியும், நான் சோறாக்கறவ” என்று ஆயா உள்ளே போய்விட்டாள்.

“நான் நூல்லதான் புடிச்சேன். அப்பவும் அவன் கை தூக்கல” என்றாள் அம்சவல்லி.

“கண்ணக் கட்டினா எந்தப் புள்ளதான் பயப்படாது? இப்ப பாருங்க.” நீலாவதி மகனை எதிரில் உட்காரவைத்து, பத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். நல்லதற்குக் கை தூக்கினான், செத்ததற்கு மடியில் வைத்துக்கொண்டான். பத்துக்குப் பத்து. ஒன்றுகூடத் தவறவில்லை. நீலாவதி அவனுடைய தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு, மகனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவனை ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் நர்சரியில் சேர்த்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

“தப்புப் பண்ணிட்டியே அம்சு” என்றேன்.

அவள் தரையில் கிடந்த கட்டைகளைப் பொறுக்கினாள். நாற்பதையும் எண்ணிப் பெட்டியில் போட்ட பிறகுதான் பேசினாள்.

“ஆயாகிட்ட சொல்லியனுப்பினது தப்புதான். ஆனா நீ கட்டையப் பாத்தண்ணே, நான் பையனப் பாத்தேன். அவன் கட்டைய ஒரு தடவகூடப் பாக்கல. அவங்கம்மா வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தான். கெட்டது வந்தா நீலாவதி கீழுதட்ட உள்ள இழுக்கறா. அவளுக்கே தெரியாது.”

எனக்கு நம்பிக்கையில்லை. மறுநாள் கொட்டகையில் அடுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் நீலாவதியைப் பார்த்தேன். முந்நூறு கட்டை தட்டுகிறவரை எண்ணினேன். இருபத்தேழு தடவை கீழுதடு உள்ளே போயிற்று. கழிவுக்கூடையில் இருபத்தெட்டு இருந்தது. ஒன்றை நான் தவறவிட்டிருப்பேன். மற்றப் பெண்களையும் பார்த்தேன். ஒருத்தி புருவத்தைச் சுளிக்கிறாள், ஒருத்தி மூக்கை உறிஞ்சுகிறாள். பதினெட்டு வருடமாக அந்தக் கொட்டகையில் நிற்கிறேன், ஒருநாளும் இதை நான் கவனித்ததில்லை. என் தங்கை ஒரே தடவையில் பார்த்துவிட்டாள்.

பிறகு அம்சவல்லி ஐந்து தடவை நீலாவதி வீட்டுக்குப் போனாள், பால்வாடி வேலை முடிந்து, வெயிலில். இரண்டு தடவை கதவு திறக்கவில்லை. இரண்டு தடவை சாமிக்கண்ணு வாசலிலேயே நிறுத்தி, “எனக்கே அஞ்சு வயசுலதாங்க பேச்சு வந்துச்சு” என்று சொல்லியனுப்பினார். ஐந்தாம் தடவை நீலாவதி நர்சரி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஏ, பி, சி, டி அச்சடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் நட்சத்திரம்.

“கேக்காத புள்ளையா இப்படி எழுதுது?”

“பாத்து எழுதறான் நீலாவதி. அவனுக்குக் கண்ணு அவ்வளவு கூர்மை. நான் சொல்றதக் கொஞ்சம்...”

“உங்க கிட்ட இருந்தவரைக்கும் ஒரு கோடுகூடக் கிழிக்கல. போயிட்டு வாங்க டீச்சர்.”

அந்த நோட்டு காலனியைச் சுற்றிவந்தது. செப்டம்பருக்குள் இன்னும் நான்கு பிள்ளைகள் நர்சரிக்குப் போய்விட்டார்கள். இருபத்து நான்கு பேர் இருந்த இடத்தில் பத்தொன்பது. சூப்பர்வைசர் அம்மா வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “வெளாட்டக் கொறச்சிட்டு சிலேட்டக் குடுங்க அம்சவல்லி. எனக்கும் மேல பதில் சொல்லணும்” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அம்சவல்லி பாதி நேரம் சிலேட்டு, பாதி நேரம் பஸ்ஸு என்று பிரித்துக்கொண்டாள். ஓசைக் கட்டைகளைப் பெட்டியோடு அலமாரி மேல் ஏற்றிவைத்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது, “நீ சொல்லேண்ணே. தெனம் பக்கத்துலதான் நிக்கற. சாமான் தெரிஞ்ச ஆளு சொன்னா கேப்பா” என்றாள்.

சரியென்றேன். ஆனால் சொல்லவில்லை. ‘நீ உதட்டை இழுக்கிறாய், அதைப் பார்த்துத்தான் உன் பிள்ளை கை தூக்குகிறான்’ என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? காலையில் நினைத்துக்கொண்டு போவேன், மாலையில் அப்படியே திரும்புவேன். அம்சவல்லியும் மறுபடி கேட்கவில்லை. நாட்காட்டியில் மே மாதத்தை மட்டும் ஒருநாள் விரலால் எண்ணிக்காட்டினாள். அவனுக்கு ஐந்து வயதாக எட்டு மாதம் இருந்தது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. சூளைத் தட்டுகளில் தூவுகிற வெள்ளைப் பொடி அன்றைக்குச் சரக்கு முழுக்க ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தட்டத் தட்டத் தூசி பறந்தது. பெண்கள் எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து சரக்கெடுக்க ஒரு பாய் வந்து, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு இனியவன் டை, ஷூவோடு கொட்டகைக்கு வந்தான். நர்சரி விட்டதும் அவனை அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள்.

நீலாவதிக்கு மகனைக் காட்டிப் பெருமைப்படுவதில் ஆசை. “பாய், இது என் புள்ள. சாமான் நல்லதா கெட்டதான்னு இப்பவே சொல்லிடுவான், பாக்கறீங்களா?”

“காட்டும்மா. அவனையே கூட்டிட்டுப் போயி கடையில வச்சுக்கறேன்.”

நீலாவதி ஒரு கட்டையைத் தட்டினாள். ‘ணங்’ என்றது. பையன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தூக்கவில்லை. இன்னொருமுறை ஓங்கித் தட்டினாள். அவன் எழுந்து, அவள் மடியில் முழங்காலை ஊன்றி ஏறி, வாயில் கட்டியிருந்த துணியைப் பிடித்து மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டான். பிறகு இறங்கிப் போய் உட்கார்ந்து, வாயைப் பார்த்து, கை தூக்கினான்.

“அம்மா மூஞ்சியப் பாக்காம வேலை செய்ய மாட்டான் போல!” என்று பாய் சிரித்தார்.

நீலாவதி துணியை மறுபடி ஏற்றிக்கொண்டு இன்னொன்றைத் தட்டினாள். பையன் மறுபடி ஏறி வந்து இழுத்தான். மூன்றாம் தடவை அவள் துணியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை, அழ ஆரம்பித்தான்.

அவள் அவனைச் சமாதானப்படுத்தி, சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தாள். அவன் டை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று தட்டினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எல்லாம் நல்ல கட்டைகள். கொட்டகையில் மற்றவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் திரும்பவேயில்லை. நான் அடுக்கிக்கொண்டிருந்த வரிசையில் எண்ணிக்கை தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அன்று ஆறு மணிக்கு நீலாவதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்சவல்லி சத்துமாவுப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

“வாயப் பாத்துத்தான் சொல்றான்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல டீச்சர்?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“அஞ்சு தடவ வந்தேனே, எதுக்கு வந்தேன்?”

“கதவத் தெறக்கலைன்னா கத்திச் சொல்லியிருக்கணும்!”

“தெருவுல நின்னு கத்தவா? ஒருதரம் தெருவுக்குப் போயி பட்டது பத்தாதா நீலாவதி?”

நீலாவதி என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, உங்களுக்கும் தெரியுமா?”

“தெரியும்மா” என்றேன்.

அதற்குப் பிறகு வேலைப் பேச்சைத் தவிர வேறெதுவும் அவள் என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான். அன்று சுவரோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அம்சவல்லி பதிவேட்டை மூடிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுது முடித்து, “எந்த பஸ்ஸுல போவணும்?” என்று கேட்டாள் நீலாவதி.

“செவ்வாக்கெழம காலையில ஆறரைக்கு ஒண்ணு இருக்குது. நானும் வரேன்.”

செவ்வாய்க்கிழமை அம்சவல்லிக்கு மீட்டிங் இருந்தது. விடுப்பு எழுதி ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சாமிக்கண்ணு லாரியோடு வெளியூரில் இருந்தார். இரண்டு பெண்களும் பையனுமாகப் போனார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸுக்காக நான் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நின்றேன். ஏழேகாலுக்கு வந்தார்கள். நீலாவதி தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்சவல்லி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். வடலூர் வரை உட்கார இடம் கிடைக்கவில்லையாம்.

“ரெண்டு காதும் மந்தம்ணே” என்றாள். “சுத்தமா இல்லாமப் போயிடல. மிஷின் வச்சா கேக்குமாம். எழுதிக் குடுத்திருக்காங்க, ரெண்டு மாசமாவும் போல. பேச்சுப் பயிற்சிக்கு வாரத்துக்கு ஒரு நாளு அங்க போவணும். நல்ல நேரத்துல கொண்டாந்தீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் நீலாவதியைப் பார்த்துச் சொன்னாள். நீலாவதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் ஷூவை யாரோ கழற்றிச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அது அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பையனைச் சைக்கிள் பின்னால் உட்காரவைக்கலாம் என்று நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு நீலாவதி நின்றாள்.

“அந்த டாக்டரம்மா, மிஷின் வர்ற வரைக்கும் வூட்டுலயும் தெனம் அரை மணி நேரம் வெளாட்டு காட்டணும்னு சொன்னாங்களே டீச்சர். என்னா வெளாட்டு? எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

அம்சவல்லி பதில் சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை. இருமி, கனைத்து, இன்னொரு தடவை முயன்றாள்.

“காலையில அவனைக் கூட்டிக்கிட்டு பால்வாடிக்கு வா. சொல்றேன்” என்றாள். “இப்ப என்னால முடியல நீலாவதி.”

“சரிங்க டீச்சர்.”

நீலாவதி பையனை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். தங்கை என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஏறி மிதிக்கவில்லை. நீலாவதிக்குப் பக்கத்திலேயே காலனி வரைக்கும் அப்படியே தள்ளிக்கொண்டு நடந்தேன்.